ஆங்கில நெடுஞ்சொற்களும் நம் பகுபத இலக்கணமும்

(இரண்டாம் ஆண்டு, இளங்கலை ஆங்கில இலக்கிய மாணவன் ஒருவன் எழுதியது)

மூக்கண்டப்பள்ளியில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நெடிய ஆங்கிலச் சொற்கள் புதியன அல்ல. வீட்டை விட்டு வெளியே வந்தால் போதும். கம்பெனி வாயில்களிலும், லாரிகளின் முதுகிலும், வேலைக்கு ஆள் தேவை என்று மின்கம்பத்தில் ஒட்டிய தாளிலும் அவை நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆனால் பார்த்துப் பழகுவது வேறு, வாய்விட்டுப் படிப்பது வேறு. முதலாண்டு வகுப்பில் உரைநடைப் பாடத்தை எழுந்து நின்று படிக்கும்படி ஆசிரியர் கூறியபோது, 'ரெஸ்பான்சிபிலிட்டி' என்ற சொல்லின் நடுவில் நான் நின்றுவிட்டேன். முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை. வகுப்பு சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேருக்கும் அதைச் சொல்ல வராது என்பது பின்னர்தான் எனக்குத் தெரிந்தது. இக்கட்டுரை அவர்களுக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது.

ஆங்கிலச் சொல் ஒன்றை மூன்று விதமாக உடைக்கலாம். ஒலியால் உடைப்பது ஒன்று. அதில் கிடைப்பது அசை. அவ்வசைகளுள் எது ஓங்கி ஒலிக்கிறது என்று காண்பது மற்றொன்று, அது அழுத்தம். பொருளால் உடைப்பது மூன்றாவது. அதில் கிடைப்பவை பகுதி, விகுதி, முன்னொட்டு என்னும் சொல்லுறுப்புகள். இம்மூன்றும் ஒரே இடத்தில் உடையும் என்று எண்ணுவதே நாம் செய்யும் பெரும் பிழை. அந்தப் பிழையை நானே செய்து, அதனால் நேரவிருந்த ஒரு விபத்தையும் பின்னால் சொல்கிறேன்.

அசை எண்ணும் முறை

முதலில் அசை. நம் யாப்பில் நேரசை, நிரையசை என இரண்டு உண்டு என்பதைப் பள்ளியிலேயே படித்தோம். நம் ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். மூக்-கண்-டப்-பள்-ளி என ஐந்தும் நேரசைகள். 'கிருஷ்ணகிரி' என்பதோ கிருஷ்-ணகி-ரி என நிரை, நிரை, நேர் என்று மூன்றாகப் பிரியும். ஆங்கிலத்தார் கூறும் அசை இதுவன்று. அவர்கள் கணக்கில் உயிரொலி ஒன்றுக்கு ஓர் அசை. ஆகவே கிருஷ்ணகிரி அவர்களுக்கு ஐந்தசை, மூக்கண்டப்பள்ளியும் ஐந்தசை. நிரையசை என்பது ஈருயிர் கொண்டது; அவர்கள் அதை இரண்டாக எண்ணுவர்.

இதிலிருந்து எளிய வழி ஒன்று பிறக்கிறது. ஆங்கிலச் சொல்லை அதன் ஒலிப்படி தமிழில் எழுதுங்கள். புள்ளி வைத்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணுங்கள். அதுவே அசைத் தொகை. 'யுனிவர்சிட்டி': யு, னி, வ, சி, டி, ஐந்து. 'எலக்ட்ரிசிட்டி': எ, ல, ரி, சி, டி, ஐந்து. என்னை நிறுத்திய 'ரெஸ்பான்சிபிலிட்டி': ரெ, பா, சி, பி, லி, டி, ஆறு. ஆங்கில எழுத்துகளைப் பார்த்து எண்ணியிருந்தால் கடைசியில் பேசாமல் நிற்கும் உயிரெழுத்துகளும், இரண்டு எழுத்து சேர்ந்து ஓர் ஒலி தருபவையும் நம்மை ஏமாற்றியிருக்கும். புள்ளி என்ற ஒன்றை நம் எழுத்துமுறை வைத்திருப்பதால் வந்த வசதி இது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒலிப்படி எழுத வேண்டும் என்றேன்; நம் வாய்ப்படி அன்று. மெய்யெழுத்தைச் சொல்லின் முதலில் நிறுத்தத் தமிழ் இடம் தராது. வல்லின மெய்யில் சொல்லை முடிக்கவும் இடம் தராது. ஆகவே 'ஸ்க்ரூ' என்ற ஓரசைச் சொல் நம் பட்டறைகளில் 'இஸ்குரு' என மூன்றசையாகிறது. 'போல்ட்', 'நட்' இரண்டும் 'போல்ட்டு', 'நட்டு' ஆகின்றன. 'ப்ளேட்' என்ற ஓரசை 'பிளேட்டு' என மூன்றாகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசப்படுகின்றன. மூன்றிலும் பஸ் 'பஸ்ஸு' தான். வந்த விருந்தாளிக்கு வீட்டு வழக்கப்படி ஒரு பாய் விரிக்கிறோம், அவ்வளவே. ஆனால் ஆங்கிலமாகவே பேச வேண்டிய இடத்தில் அந்தப் பாயைச் சுருட்டி வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். ('ஃபயர்' என்பது ஓரசையா, ஈரசையா என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். ஆங்கிலேயரிடையிலேயே இரண்டு விதமாகவும் சொல்லப்படுகிறது. அதில் நாம் தலையிட வேண்டாம்.)

அழுத்தம் எங்கே விழும்?

அசை எண்ணத் தெரிந்தவர்களும் தடுமாறுவது அழுத்தத்தில்தான். காரணம் வெளிப்படை. தமிழில் எந்த அசையை ஓங்கிச் சொன்னாலும் சொல்லின் பொருள் மாறுவதில்லை. ஆங்கிலத்தில் மாறுகிறது. லாரி ஓட்டுநர் கையில் வைத்திருக்கும் 'பெர்மிட்' பெயர்ச்சொல். அழுத்தம் 'பெர்' மீது. அதைக் கொடுத்து அனுமதிக்கும் செயலைக் குறிக்கும் வினைச்சொல்லும் அதே எழுத்துதான். ஆனால் அழுத்தம் 'மிட்' மீது. இம்போர்ட், எக்ஸ்போர்ட், ரெகார்ட் ஆகியவையும் இப்படியே.

அழுத்தம் என்றால் உரக்கக் கத்துவது என்று பொருளன்று. அந்த அசையில் குரல் சற்று மாறும். ஒலி சற்று நீளும். உயிர் முழு வடிவில் ஒலிக்கும். அழுத்தம் பெறாத அசைகளில் உயிர் மங்கிப்போகும். 'கார்ப்பரேஷன்' என்பதில் 'ரே' ஓங்கும். முன்னுள்ள 'ப' உயிர் அடையாளம் தெரியாமல் தேயும். 'உயிர் தேயுமா?' என்று நாம் வியக்க வேண்டியதில்லை. நாடு, பாட்டு, எஃகு என்று சொல்லும்போது கடைசி உகரம் அரை மாத்திரையாகக் குறுகுவதை நாம் நாள்தோறும் செய்கிறோம். குற்றியலுகரம் அறிந்த நாவுக்கு இது புதுப் பாடமன்று. பழைய பாடத்தைச் சொல்லின் நடுவிலும் செய்யச் சொல்கிறார்கள்.

கென்னத் பைக் என்ற அமெரிக்க மொழியியலார் 1945-இல் வெளியிட்ட நூலில், ஆங்கிலம் அழுத்தத்துக்கு அழுத்தம் காலத்தை அளந்து நடக்கும் என்றும், வேறு சில மொழிகள் அசைக்கு அசை அளந்து நடக்கும் என்றும் பிரித்தார். பின்னர் கருவி கொண்டு அளந்தவர்களுக்கு அந்த இடைவெளிகள் அவ்வளவு சமமாகக் கிடைக்கவில்லை. எனினும், நாம் எல்லா அசைக்கும் ஒரே கூலி கொடுத்துப் பேசுகிறோம் என்பதும், அவர்கள் ஒன்றுக்குக் கூட்டி மற்றவற்றுக்குக் குறைக்கிறார்கள் என்பதும் காதுள்ள எவருக்கும் தெரியும்.

இனி, அழுத்தத்தின் இடத்தை எப்படி அறிவது? பெரும்பாலும் வால் சொல்லும். சொல்லின் கடைசி உறுப்பைப் பாருங்கள். எங்கள் ஊரையே மாற்றிய ஒரு பெயரைக் கொண்டு இதை விளக்குகிறேன். தமிழக அரசு 1971-இல் ஏற்படுத்திய தொழில் வளர்ச்சி நிறுவனத்தின் பெயர் 'ஸ்டேட் இன்டஸ்ட்ரீஸ் ப்ரமோஷன் கார்ப்பரேஷன் ஆஃப் தமிழ்நாடு'. எண்ணிப் பாருங்கள், பதினாறு அசை. அதைச் 'சிப்காட்' என்று இரண்டே அசையாக்கி ஆட்டோக்காரர் முதல் ஆயா வரை சொல்கிறோம். அப்பெயரில் 'ஷன்' என்று முடியும் சொற்கள் இரண்டு. 'ஷன்' வந்தால் அதற்கு நேர் முந்திய அசை அழுத்தம் பெறும்: ப்ர-மோ-ஷன் என்பதில் 'மோ', கார்-ப-ரே-ஷன் என்பதில் 'ரே'. இன்ஸ்பெக்ஷன் என்பதில் 'ஸ்பெக்', ப்ரொடக்ஷன் என்பதில் 'டக்'.

அடுத்து 'இன்டஸ்ட்ரி' என்ற சொல்லைப் பாருங்கள். அது தனியே நிற்கும்போது அழுத்தம் 'இன்' மீது. 'இன்டஸ்ட்ரியல்' ஆனவுடன் அழுத்தம் 'டஸ்' மீது தாவுகிறது. 'இன்டஸ்ட்ரியலைசேஷன்' என்று ஏழசையாக வளர்ந்ததும், முன்சொன்ன விதிப்படி 'சே' மீது போய் அமர்கிறது. ஒரே பகுதிதான்; விகுதி சேரச் சேர அழுத்தம் வலப்பக்கம் நகர்கிறது. நாம் மூன்றிலும் 'இன்' என்ற முதலசையையே பிடித்துத் தொங்குவதால்தான் நடுவில் மூச்சு வாங்குகிறது.

'இக்' என்று முடிந்தாலும் அதற்கு முந்திய அசையே: மெக்கானிக், எலக்ட்ரானிக், ஹைட்ராலிக், நியூமேட்டிக், ஆட்டோமேட்டிக். விலக்குகளும் உண்டு, பாலிட்டிக்ஸ் என்பதில் முதலசை ஓங்கும். (அரசியல் எந்த விதிக்குத்தான் கட்டுப்பட்டது?) 'இட்டி' என்று முடிந்தால் கடைசியிலிருந்து எண்ணி மூன்றாம் அசை: எலக்ட்ரிசிட்டியில் 'ரி', யுனிவர்சிட்டியில் 'வர்', ரெஸ்பான்சிபிலிட்டியில் 'பி'. இந்த ஒரு விதி எனக்கு முதலாண்டிலேயே தெரிந்திருந்தால் வகுப்பு சிரித்திருக்காது. வேறு சில வால்கள் அழுத்தத்தைத் தாமே வாங்கிக்கொள்ளும்: இன்ஜினியர் என்பதில் 'னியர்', ட்ரெய்னி என்பதில் 'னி'. மற்றும் சில வால்கள் சாதுவானவை. 'மென்ட்', 'நெஸ்', 'லி' ஆகியவை சேர்ந்தாலும் அழுத்தம் இருந்த இடத்தில் இருக்கும். டெ-வெ-லப் என்பதில் 'வெ' ஓங்குகிறது. டெவெலப்மென்ட் என்றாலும் அதே 'வெ' தான்.

'மெயின்டெனன்ஸ்' என்ற சொல்லைப் பற்றித் தனியே கூற வேண்டும். 'மெயின்டெய்ன்' என்ற வினையில் இரண்டாம் அசை ஓங்கும். அதை வைத்துக்கொண்டு 'மெயின்டெய்னன்ஸ்' என்று நம்மவர் பலர் கூறுகின்றனர். பெயர்ச்சொல்லில் அழுத்தம் முதலசைக்கு வந்து, நடு உயிர் தேய்ந்துவிடுகிறது. எழுத்தும் கூட மாறிவிடுகிறது.

இன்னொன்று, பட்டறையில் வேலை செய்வோர் அறிந்த 'மைக்ரோமீட்டர்'. திருகி அளக்கும் அந்தக் கருவியைக் குறிக்கும்போது அழுத்தம் இரண்டாம் அசைக்கு வந்து 'மைக்ராமிட்டர்' என்பது போல ஒலிக்கும். தெர்மாமீட்டர், ஸ்பீடாமீட்டர் ஆகிய கருவிகளும் இக்குடும்பமே. ஆனால் மீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்காகிய அளவைக் குறிக்கும் 'மைக்ரோமீட்டர்', சென்டிமீட்டர், மில்லிமீட்டர் போல முதலசையில் ஓங்கும். கருவிக்கு ஓர் அழுத்தம், அளவுக்கு ஓர் அழுத்தம். இந்த நியாயப்படி 'கிலோமீட்டர்' முதலசையில்தான் ஓங்க வேண்டும். ஆயினும் ஆங்கிலேயரிலேயே பலர் அதைக் கருவியைப் போல இரண்டாம் அசையில் ஓங்கிச் சொல்கின்றனர். ஆகவே, அதை எப்படிச் சொன்னாலும் நம்மை யாரும் குறை கூற முடியாது.

சொல்லுறுப்பு

மூன்றாவதாகப் பொருட்பிரிவு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல், பகுபதத்தின் உறுப்புகள் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு என்று வகுத்தது. 'நடந்தனன்' என்பதை நட, த், த், அன், அன் என்று பிரித்து, சந்தியாகிய தகரம் நகரமாகத் திரிந்தது என்று நாம் எழுதியதெல்லாம் வீண்போகவில்லை. அதே கத்தியால் ஆங்கிலச் சொல்லையும் நறுக்கலாம். ரெஸ்பான்ஸ், இபிள், இட்டி. இன்டஸ்ட்ரி, அல், ஐஸ், ஏஷன். திரிபுகளும் உண்டு. எதிர்மறை தரும் 'இன்' என்னும் முன்னொட்டு, பாசிபிள் முன் 'இம்' ஆகும். லீகல் முன் 'இல்' ஆகும். ரெகுலர் முன் 'இர்' ஆகும். வருமொழிக்கு ஏற்ப நிலைமொழி ஈறு திரிவது நமக்குப் பழக்கமானதே. மரம் என்பதுடன் கள் சேர்ந்து மரங்கள் ஆகவில்லையா?

ஒரு பெரிய வேறுபாடு உண்டு. தமிழில் உறுப்புகள் பெரும்பாலும் பகுதிக்குப் பின்னால்தான் சேரும். ஆங்கிலத்தில் முன்னாலும் சேரும். முன்னால் சேர்வதில் நமக்குப் பழக்கம் குறைவு. நான் விழுந்ததும் அங்கேதான்.

என் அண்ணன் தொழிற்பயிற்சி முடித்து எங்கள் பகுதியிலுள்ள ஒரு சிறு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். எனக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுபவர் அவரே. இரவில் நான் படித்ததை அவருக்குச் சொல்லிக் கொடுப்பேன். ஒரு நாள் முன்னொட்டுகள். "அண்ணா, சொல்லுக்கு முன்னால் 'இன்' வந்தால் 'இல்லை' என்று பொருள். இன்விசிபிள் என்றால் கண்ணுக்குத் தெரியாதது. இன்கரெக்ட் என்றால் சரியில்லாதது. இன்கம்ப்ளீட் என்றால் முடியாதது" என்றேன். அவர் நோட்டில் குறித்துக்கொண்டார்.

சில வாரங்களுக்குப் பின் பட்டறைக்கு ஒரு பீப்பாய் வந்தது. பெயின்ட் கலக்கும் தின்னர். அதன் மீது சிவப்பில் 'இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருந்தது. 'ஃப்ளேம்' என்றால் தீச்சுடர் என்று அண்ணனுக்குத் தெரியும். 'இன்' என்றால் இல்லை என்று தம்பி சொல்லியிருக்கிறான். ஆகவே தீப்பிடிக்காதது என்று முடிவு செய்து, பீப்பாயின் அருகிலேயே கிரைண்டரை எடுத்து வைத்து வேலையைத் தொடங்கப் போனார். மூத்த தொழிலாளி ஒருவர் பார்த்துவிட்டு ஓடிவந்து சுவிட்சை அணைத்தார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் அன்றிரவு என்னைத் திட்டவும் இல்லை. நோட்டை நீட்டி, "தம்பி, இதை ஒரு தடவை சரிபார்த்துடு" என்றார். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

சரிபார்த்தேன். லத்தீனிலிருந்து வந்த 'இன்' ஒன்றன்று, இரண்டு. ஒன்று 'இல்லை' என்பது. மற்றொன்று 'உள்ளே', 'மேலே' என்பது. இம்போர்ட், இன்ஜெக்ஷன் ஆகியவற்றில் இருப்பது. தீமூட்டு என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலேயே இந்த இரண்டாவது 'இன்' சேர்ந்திருக்கிறது. அதிலிருந்து 'இன்ஃப்ளேம்' என்ற வினை. அதனுடன் 'ஏபிள்' சேர்ந்தால் 'தீமூட்டப்படக் கூடியது'. அதாவது 'இன்விசிபிள்' என்பதில் முதலில் 'விசிபிள்' உருவாகி, பிறகு 'இன்' வந்து அதை மறுக்கிறது. 'இன்ஃப்ளேமபிள்' என்பதிலோ 'இன்ஃப்ளேம்' முதலில் உருவாகி, வால் பிறகு ஒட்டுகிறது. பிரியும் இடம் ஒன்றே. சேர்ந்த வரிசை வேறு.

இதில் அசையோ அழுத்தமோ நமக்கு உதவாது. இரண்டும் நாலசை, இரண்டிலும் இரண்டாம் அசையே ஓங்குகிறது. உதவுவது பொருள் ஒன்றே. மருத்துவர் சீட்டில் எழுதும் 'இன்ஃப்ளமேஷன்' அதே குடும்பம். புண் சிவந்து எரிவது. நம் மருத்துவத் தமிழும் அதற்கு 'அழற்சி' என்றது; அழல் என்றால் நெருப்பல்லவா? இவ்விரண்டையும் சேர்த்து ஒருமுறை சொல்லிவிட்டேன், அண்ணன் மறக்கவில்லை.

இந்தக் குழப்பம் எங்கள் வீட்டில் மட்டும் நேர்ந்ததன்று. அமெரிக்காவில் தீத்தடுப்புத் துறையினர் 1920-களிலேயே இதனை உணர்ந்து, 'இன்' இல்லாத 'ஃப்ளேமபிள்' என்ற வடிவத்தைப் பலகைகளில் எழுதும்படி வலியுறுத்தினர். ஆகவே இன்று 'ஃப்ளேமபிள்', 'இன்ஃப்ளேமபிள்' இரண்டும் ஒரே பொருள்; தீப்பிடிக்காததற்கு 'நான்-ஃப்ளேமபிள்'. ஆயினும் நம் நெடுஞ்சாலையில் போகும் டேங்கர் லாரிகளின் முதுகில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று பழைய வடிவத்தை இன்னும் காணலாம். அருகில் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் 'தீப்பிடிக்கும்' என்று ஒரு சொல் எழுதினால் என்ன குறைந்துவிடும் என்பது எனக்கு விளங்கவில்லை.

ஒரு சொல்லை இரு வகையாகப் பிரிக்கலாம் என்பதும் நம் இலக்கணத்தார் அறிந்ததே. தனிமொழி, தொடர்மொழி என்பவற்றோடு பொதுமொழி என்று ஒன்றையும் நன்னூல் வைத்தது. 'எட்டு' என்பது எண்ணும் ஆகும். எள்+து என்று பிரிந்து 'எள்ளை உண்' என்றும் ஆகும். 'தாமரை' மலரும் ஆகும். தா+மரை என்று தாவும் மானும் ஆகும். ஆங்கிலத்திலும் அத்தகையது உண்டு. 'அன்லாக்கபிள்' என்று ஒரு பூட்டைப் பற்றிச் சொன்னால், அது திறக்கக் கூடியதா, பூட்டவே முடியாததா? அன்லாக்+ஏபிள் என்றால் முன்னது. அன்+லாக்கபிள் என்றால் பின்னது. இடம் நோக்கித்தான் கொள்ள வேண்டும்.

அண்மையில் அண்ணன் மற்றொரு சொல்லோடு வந்தார். பட்டறையில் ஓய்வு பெறும் ஒருவருக்கு வாழ்த்து மடல் அச்சடித்திருக்கிறார்கள். அன்று ஓடிவந்து சுவிட்சை அணைத்த அதே பெரியவர். மடலில் அவருடைய 'இன்வேல்யூவபிள் சர்வீஸ்' என்று போட்டிருந்ததாம். "வேல்யூ என்றால் மதிப்பு. இந்த 'இன்' எந்த இன்? மதிப்பில்லாத சேவை என்று போட்டுவிட்டார்களா? மடலைத் திருப்பி அனுப்பட்டுமா?" என்று கேட்டார்.

இது 'இல்லை' என்னும் 'இன்' தான். ஆனால் அது மறுப்பது மதிப்பை அன்று, மதிப்பிட முடிவதை. வேல்யூ, ஏபிள் இரண்டும் சேர்ந்து 'விலை கூறக் கூடியது' என்றான பிறகு 'இன்' வந்து சேர்ந்தது. நம்மவர் 'விலைமதிப்பற்ற' என்று எழுதுவதும் அப்படித்தானே? மடலைத் திருப்ப வேண்டாம் என்றேன். அண்ணன் நம்பவில்லை, என்னை அகராதியை எடுத்து வரச் சொன்னார்.